சிவப்பு எழுத்து மறைந்தால் பாதுகாப்பு வந்துவிடுமா?

கோலாலம்பூரில் பங்சார் சவுத்தின் அடுக்குமாடிகளிலும் ஜாலான் தெலாவியின் கடை மாடிகளிலும் கைப்பேசிச் செயலி எழுதித் தரும் சிறு நிறுவனங்கள் இயங்குகின்றன. கிள்ளான் நகைக்கடைக்கும் செயலி வேண்டும், பிரிக்பீல்ட்ஸ் உணவகத்துக்கும் வேண்டும், டியூஷன் மையத்துக்கும் வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன், போதாக்குறைக்கு ஹுவாவெய் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதினால் கட்டுப்படியாகாது. ஆகவே இணையப் பக்கம்போல் ஒரே முறை எழுதி, கோர்டோவா அல்லது கெப்பாசிட்டர் என்னும் கூட்டுக்குள் வைத்து வெளியிடுகிறார்கள். இதுவே ஹைபிரிட் செயலி. முறையில் குறை ஒன்றுமில்லை.

குறை இருப்பது அந்தப் பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதப்படும் ஒரே ஒரு வரியில். உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை, சுருக்கமாகச் சிஎஸ்பி, என்பது அதன் பெயர். எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம், படம் எங்கிருந்து வரலாம், தகவல் எந்த முகவரிக்குப் போகலாம் என்று பக்கத்தை எழுதியவர், செயலிக்குள் அதைத் திறந்து காட்டும் வெப்வியூவுக்கு இடும் கட்டளை அது. கட்டளையைக் கண்டிப்பாக எழுதினால் சோதனைத் திரையில் சிவப்பு எழுத்தில் தடைச் செய்தி வரும். உடனே புலனக் குழுவில் கேள்வி போகும். நட்சத்திரக் குறிகள் நிறைந்த ஒரு வரியை யாராவது அனுப்புவார்கள். அதை ஒட்டியதும் சிவப்பு மறையும், வேலை முடிந்ததென்று எல்லோரும் கலைவார்கள். எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டால் தடைச் செய்தி எங்கிருந்து வரும் என்று எவரும் கேட்பதில்லை. இப்படிச் செவிவழியாகவே பரவிவிட்ட நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "கோப்புகள் எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றன. வெளி ஸ்கிரிப்ட் நுழைய வழியே இல்லை."

கோப்பு உள்ளே இருக்கிறது, சரி. தகவல் எங்கிருந்து வருகிறது? வாடிக்கையாளர் எழுதும் கருத்து, அவர் பதியும் பெயர், கேமராவால் வருடும் கியூஆர் குறி எல்லாம் வெளியிலிருந்துதான் வருகின்றன. அமெரிக்காவின் சிராக்கியூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிவிட்டார்கள். வைஃபையின் பெயர், பார்கோடு, குறுஞ்செய்தி, தொடர்புப் பட்டியலில் உள்ள ஒரு பெயர், ஏன், எம்பி3 பாட்டுக் கோப்புக்குள் பதிந்திருக்கும் பாடகர் பெயர் வழியாகக்கூட ஹைபிரிட் செயலிக்குள் நிரலைப் புகுத்த முடியும் என்று மெய்ப்பித்தார்கள்.

இதை நம் ஊரில் வைத்துப் பார்ப்போம். மாமாக் கடை முதல் ஞாயிற்றுக்கிழமை பாசார் மாலாம் வரை கியூஆர் குறி ஒட்டாத இடமில்லை. புள்ளி சேர்க்கும் ஒரு செயலி அந்தக் குறியை வருடி, அதிலிருந்த எழுத்தை இன்னர்ஹெச்டிஎம்எல் வழியாகத் திரையில் இடுகிறது என்று கொள்வோம். கடைக்காரர் ஒட்டிய குறியின் மேல் வேறொருவர் தன் குறியை ஒட்டிவிடுகிறார். அதில் கடையின் பெயர் இல்லை. இல்லாத ஒரு படத்தைக் கேட்கும் டேக்கும், படம் வராவிட்டால் ஓட வேண்டிய ஆன்எரர் கட்டளையும் இருக்கின்றன. படம் வரப்போவதில்லை, எனவே கட்டளை ஓடும். சாதாரண இணையப் பக்கமானால் சேதம் பெரும்பாலும் அந்தத் தளத்தோடு நிற்கும். ஹைபிரிட் செயலியிலோ தொடர்புப் பட்டியல், கேமரா, இருப்பிடம் ஆகியவற்றுக்குப் பிளகின் வழியாகப் பாலம் போடப்பட்டிருக்கிறது. பயனரும் அதற்கு முன்பே அனுமதி கொடுத்திருக்கிறார். புகுந்த கட்டளைக்கும் அதே பாலம், அதே அனுமதி. கொள்கையில் ஸ்கிரிப்ட்டுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்ட்-சோர்ஸில் 'செல்ஃப்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ஆன்எரர் ஓடியே இருக்காது. வெளியிலிருந்து வரும் எழுத்தை டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாக வெறும் எழுத்தாகவே இடுவது நிரலாளரின் முதல் கடமை. அந்தக் கடமை ஓரிடத்தில் தவறினாலும் தாங்கிப் பிடிப்பதற்குத்தான் கொள்கை.

நம்பிக்கை 2: "'செல்ஃப்' என்றால் எங்கள் சர்வர். அங்கே ஹெட்டர் வைத்துவிட்டோம், போதும்."

இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்த நம்பிக்கை இது. 'செல்ஃப்' என்பது அந்தப் பக்கம் எந்த முகவரியிலிருந்து திறக்கப்பட்டதோ அதை மட்டுமே குறிக்கும். ஹைபிரிட் செயலியில் அது கைப்பேசிக்குள் இருக்கும் லோக்கல்ஹோஸ்ட். கோர்டோவா ஆண்ட்ராய்டின் 10ஆம் பதிப்பிலும் கெப்பாசிட்டரிலும் அப்படித்தான். சைபர்ஜெயாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உங்கள் சர்வர், கொள்கையின் கண்ணுக்கு முற்றிலும் அந்நியமான முகவரி. ஆகவே 'செல்ஃப்' என்று மட்டும் எழுதினால் ஏபிஐ அழைப்புகள் நின்றுபோகும். அந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து நட்சத்திரக் குறியைப் போட்டுவிடுகிறார்கள். தகவல் போகும் முகவரிகளைக் குறிக்கும் கனெக்ட்-சோர்ஸில் ஏபிஐயின் முழு முகவரியைச் சேர்த்தால் போதும்.

அடுத்த தவறு ஹெட்டரைப் பற்றியது. ஏபிஐ பதிலோடு வரும் ஹெட்டர், கைப்பேசிக்குள் திறந்திருக்கும் பக்கத்தைக் கட்டுப்படுத்தாது. கொள்கையை அந்தப் பக்கத்திலேயே மெட்டா டேக்காக எழுத வேண்டும், அதையும் தலைப்பகுதியின் தொடக்கத்திலேயே எழுத வேண்டும். அதற்கு மேலே வைத்த ஸ்கிரிப்ட் கொள்கைக்குக் கட்டுப்படாது. தடுக்காமல் அறிக்கை மட்டும் தரும் ரிப்போர்ட்-ஒன்லி முறை மெட்டாவில் வேலை செய்யாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரே கொள்கையில் ஒரு கட்டளையை இருமுறை எழுதினால் முதலில் எழுதியதே செல்லும். இரண்டு கொள்கைகளை வைத்தால் இரண்டும் சேர்ந்து இறுக்கும், ஒன்று மற்றொன்றைத் தளர்த்தாது. இவை தெரியாமல் வரிக்குமேல் வரி ஒட்டுகிறவர்கள் தாம் என்ன அனுமதித்தோம் என்பதைத் தாமே அறியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை 3: "அன்சேஃப்-இன்லைன், அன்சேஃப்-ஈவல் இரண்டும் இல்லாமல் செயலி ஓடாது."

பொத்தானுக்குள்ளேயே ஆன்கிளிக் என்று எழுதும் பழைய பழக்கம் போகாதவரை ஓடாதுதான். அதே வேலையைத் தனி ஸ்கிரிப்ட் கோப்பில் ஆட்ஈவென்ட்லிசனர் கொண்டு எழுதினால் ஓடும். எழுத்தைக் கட்டளையாக மாற்றி ஓட்டும் ஈவலுக்கும் பெரும்பாலும் இன்று தேவை இல்லை. 2020இல் வந்த ஆங்குலர் 9 முதல், வார்ப்புருக்களை முன்கூட்டியே தொகுப்பதே இயல்பு அமைப்பு. வியூவிலும் முன்தொகுத்த வார்ப்புருக்களுக்கு ஈவல் வேண்டியதில்லை. ஆங்குலரின் பிந்தைய பதிப்புகள் நடைதாளை ஏற்றும்போது ஆன்லோடு என்னும் உள்வரிக் கட்டளையைச் செருகுவதால் சிவப்புச் செய்தி வருவதுண்டு. அதற்கும் மருந்து அன்சேஃப்-இன்லைன் அன்று. இன்லைன்கிரிட்டிக்கல் என்னும் அமைப்பை அணைத்தால் தீர்ந்தது.

இந்த நம்பிக்கை நிலைத்ததற்குக் காரணம் உண்டு. கோர்டோவாவோடு வரும் மாதிரிப் பக்கத்திலேயே நெடுங்காலம் அன்சேஃப்-ஈவல் இருந்தது. பழைய ஐபோன் வெப்வியூவின் பாலத்துக்காக 'கேப்' என்ற சொல்லும் அந்த வரியில் இருந்தது. அந்தப் பழைய வெப்வியூவில் எழுதிய புதிய செயலிகளை 2020 ஏப்ரலோடு ஆப்பிள் ஏற்பதை நிறுத்திவிட்டது. ஆனாலும் அந்தச் சொல் இன்றும் ஒட்டப்படுகிறது. மாதிரி என்பது தொடங்குவதற்குத் தந்தது, அப்படியே கடைக்கு அனுப்புவதற்கு அன்று. அன்சேஃப்-இன்லைன் இருக்கும் கொள்கை, முன்சொன்ன கியூஆர் குறியைத் தடுக்காது. அந்த ஒரு சொல்லால் ஸ்கிரிப்ட்டுக்கான தடை வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

நம்பிக்கை 4: "இணையத்தில் நான்ஸ்தான் சிறந்தது என்கிறார்கள். நாமும் ஒரு நான்ஸ் போட்டுவிடுவோம்."

இணையத் தளத்துக்கு அது நல்ல அறிவுரை. சர்வர் ஒவ்வொரு முறை பக்கத்தை அனுப்பும்போதும் ஊகிக்க முடியாத புதிய சொல் ஒன்றை உருவாக்கித் தருவதே நான்ஸின் உயிர். ஹைபிரிட் செயலியின் பக்கம் ஒரு முறை பொட்டலம் கட்டப்பட்டு எல்லாருடைய கைப்பேசிக்கும் ஒரே வடிவில் போகிறது. அதில் எழுதிய நான்ஸ் என்றைக்கும் மாறாது. ஏபிகே கோப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவரும் அதைப் படித்துவிடலாம். எல்லாருக்கும் தெரிந்த கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு கதவு பூட்டியிருப்பதாக நாம் நம்புகிறோம். இங்கே பொருந்துவது வேறு வழி. ஸ்கிரிப்ட்டுகளை எல்லாம் தனிக் கோப்புகளாக்கி 'செல்ஃப்' மட்டும் வைக்க வேண்டும். தவிர்க்கவே முடியாத உள்வரி ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தால் அதன் ஹேஷைக் கட்டமைப்பின்போது கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். பக்கம் மாறாமல் இருப்பது நான்ஸுக்குப் பகை, ஹேஷுக்கு நட்பு.

நம்பிக்கை 5: "பெரிய நிறுவனத்தின் முகவரியைத்தானே அனுமதிக்கிறோம்? அதை நம்பலாம்."

அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலரிடம் 'கிராப் வண்டியில் வருபவர் யாரானாலும் உள்ளே விடு' என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வண்டியைப் பார்த்தால் போதாது, வருபவரைப் பார்க்க வேண்டும். கூகுளின் ஆய்வாளர்கள் நால்வர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அடியோடு தகர்த்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களின் கொள்கைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஸ்கிரிப்ட்டைக் கட்டுப்படுத்த முயன்ற கொள்கைகளில் 94.68 விழுக்காடு பயனற்றவை என்று கண்டார்கள். அதற்கு ஒரு காரணம் அனுமதித்த முகவரிப் பட்டியல்கள். பொதுப் பயன்பாட்டுக்கான ஒரு சிடிஎன்னை அனுமதித்தால், அங்கிருக்கும் பழைய ஆங்குலர்ஜேஎஸ் கோப்பும் ஜேசன்பி வாசல்களும் சேர்ந்தே அனுமதி பெற்றுவிடுகின்றன. தாக்குபவருக்கு அந்த ஒரு கோப்பு போதும்.

பெயர் பெற்ற முகவரியே கைமாறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். பழைய உலாவிகளுக்கு உதவுவதற்காக எண்ணற்றோர் பயன்படுத்திய பாலிஃபில் டாட் ஐஓ முகவரி, 2024 பிப்ரவரியில் ஃபன்னல் என்னும் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே ஆண்டு ஜூனில் அங்கிருந்து தீய நிரல் வருவதை சான்செக் நிறுவனம் கண்டறிந்து அறிவித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்த முகவரியைச் சேர்த்திருந்தன. அந்த நிரல் குறிவைத்ததே கைப்பேசிப் பயனர்களைத்தான், அவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிட்டது. பாலிஃபில் முகவரியைக் கொள்கையில் அனுமதித்திருந்தவர்களுக்கு அன்று அந்தக் கொள்கையால் எந்தப் பயனும் இல்லை. ஹைபிரிட் செயலிக்கோ வெளி சிடிஎன் தேவையே இல்லை. நூலகக் கோப்பைச் செயலிக்குள்ளேயே வைத்துவிடலாம். கைக்கெட்டும் இந்த வசதியை விட்டுவிட்டு, இணையத் தளத்தின் பழக்கத்தை நாம் செயலிக்குள் கொண்டுவருகிறோம்.

நம்பிக்கை 6: "தீய ஸ்கிரிப்ட்டைத் தடுத்தால் போதும். தகவல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியதில்லை."

இதற்குப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரும் விலை கொடுத்தது. 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை அதன் தளத்தில் பணம் செலுத்தியவர்களின் அட்டை விவரங்கள் திருடப்பட்டன. மாடர்னைசர் என்னும் அன்றாட நூலகக் கோப்பின் அடியில் 22 வரிகள் சேர்க்கப்பட்டிருந்ததாக ரிஸ்க்ஐக்யூ நிறுவனம் கண்டறிந்தது. கைப்பேசிச் செயலியும் தப்பவில்லை. செயலிக்குள் திறந்தவையும் அதே இணையப் பக்கங்களே. 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்த 22 வரிகளும் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்தே வந்தன. ஸ்கிரிப்ட்-சோர்ஸில் 'செல்ஃப்' என்று எழுதியிருந்தாலும் அவை ஓடியிருக்கும். ஆனால் திருடிய விவரங்கள் போனது நிறுவனத்தின் பெயரைப் போலவே தோன்றும் வேறொரு முகவரிக்கு. கனெக்ட்-சோர்ஸை இறுக்கியிருந்தால் அந்தப் பயணம் அங்கேயே தடைபட்டிருக்கும். சர்வரைக் கைப்பற்றியவர் அங்குள்ள கொள்கையையும் மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஹைபிரிட் செயலியின் பக்கமும் கொள்கையும் கையொப்பமிட்ட பொட்டலத்துக்குள் இருந்தால் சர்வரைக் கைப்பற்றியவரால் அதைத் தொட முடியாது. இணையத் தளத்துக்கு இல்லாத அனுகூலம் இது. இதோடு ஃபார்ம்-ஆக்ஷன், பேஸ்-யூஆர்ஐ இரண்டையும் தனியே எழுத வேண்டும். டிஃபால்ட்-சோர்ஸ் அவற்றை மூடாது.

கோர்டோவாவின் அமைப்புக் கோப்பில் அக்ஸஸ் ஒரிஜின் எழுதிவிட்டால் கொள்கையே வேண்டாம் என்பாரும் உண்டு. வீடியோ, வெப்சாக்கெட் போன்ற எல்லா வகைக் கோரிக்கைகளையும் அந்தப் பட்டியலால் வடிகட்ட முடியாது, சிஎஸ்பியையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள் என்று கோர்டோவாவின் ஆவணமே சொல்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

நம்பிக்கை 7: "கொள்கை எழுதியாகிவிட்டது. இனிச் செயலிக்கு ஆபத்தே இல்லை."

அலட்சியத்துக்கு நேர் எதிர் முனையில் இருக்கும் பிழை இது. சிஎஸ்பியின் ஆட்சி வெப்வியூவுக்குள் மட்டுமே. பிளகின் தன் சொந்த நிரலால் இணையத்தை அழைத்தால் அந்த அழைப்பைக் கொள்கை காணாது. பக்கத்தை வேறு முகவரிக்கு நகர்த்துவதையும் அது தடுப்பதில்லை. கோர்டோவாவில் அதற்கு அலவ்-நேவிகேஷன் பட்டியலை இறுக்க வேண்டும். 2021 அக்டோபரில் கோவிட் காலச் செயலியான மைசெஜாத்ராவின் பதிவு வசதியைச் சிலர் ஸ்கிரிப்ட் கொண்டு தவறாகப் பயன்படுத்தி, யார் யாருக்கோ ஓடிபி செய்திகள் போனது நினைவிருக்கலாம். அந்த ஸ்கிரிப்ட் எந்தச் செயலியின் பக்கத்திலும் ஓடவில்லை, நேராக ஏபிஐயைத் தட்டியது. அதைத் தடுக்க வேண்டியது சர்வர். 2022 ஏப்ரலில் ஈசெட் நிறுவனம் அம்பலப்படுத்திய மோசடியும் இத்தகையதே. வீடு சுத்தம் செய்யும் சேவை என்ற பெயரில் போலிச் செயலிகளை நிறுவச் செய்து, நம் நாட்டின் 8 வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்தார்கள். போலிச் செயலி எழுதுபவன் நம் கொள்கையைக் கேட்டு நடப்பதில்லை. சிஎஸ்பி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிந்தவரே அதைச் சரியாக எழுதுவார்.

நம்பிக்கை 8: "நம்முடையது சின்னச் செயலி. சட்டம் வங்கிகளுக்குத்தான்."

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிகத்துக்காகத் தனிநபர் விவரங்களைக் கையாளும் எவரையும் கட்டுப்படுத்துகிறது. உணவகத்தின் புள்ளிச் செயலியில் பெயர், கைப்பேசி எண், பிறந்த நாள் இருந்தால் அதுவும் இதில் அடங்கும். 2024இல் நிறைவேறிய திருத்தத்துக்குப் பின் உச்ச அபராதம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், உச்சச் சிறைத்தண்டனை 2 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகவும் உயர்ந்திருக்கின்றன. பிறருக்காகத் தரவைக் கையாளும் நிறுவனங்களும் இப்போது பாதுகாப்புக் கடமைக்கு உட்பட்டவை. ஆகவே செயலியோடு சர்வரையும் நடத்தித் தரும் பங்சார் நிறுவனம், 'கடைக்காரர்தான் பொறுப்பு' என்று கைகழுவ முடியாது. 2025 ஜூன் 1 முதல் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். எங்கே கசிந்தது என்று கண்டுபிடிக்கவே அந்த நேரம் போதாது என்பது துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த எட்டு நம்பிக்கைகளும் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் ஒன்றே. தளர்ந்த கொள்கை எந்தத் தொந்தரவும் தராது. கடைக்காரர் அதைப் பார்ப்பதில்லை, செயலியைச் சோதிப்பவர் பொத்தான்கள் இயங்குகின்றனவா என்று மட்டும் பார்க்கிறார். கண்டிப்பான கொள்கையோ எழுதிய அன்றே சிவப்புச் செய்தியாகக் கத்துகிறது. பிறகு அது தடுத்த தாக்குதல் யார் கண்ணிலும் படுவதில்லை. தொந்தரவு தருவதைக் கோளாறு என்றும் அமைதியாக இருப்பதைச் சரி என்றும் கொள்ளும் நம் பொதுப் பழக்கம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. அதன் விலையைக் கொடுப்பவர் நிரலாளர் இல்லை. தன் தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் நம்பிக் கொடுத்த பயனர்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. டிஃபால்ட்-சோர்ஸ், பேஸ்-யூஆர்ஐ, ஃபார்ம்-ஆக்ஷன் மூன்றையும் 'நன்' என்று மூடிவிட்டுத் தொடங்க வேண்டும். ஸ்கிரிப்ட்டுக்கும் நடைதாளுக்கும் 'செல்ஃப்', படத்துக்கு 'செல்ஃப்' மற்றும் நம் படச் சர்வர், கனெக்ட்-சோர்ஸுக்கு நம் ஏபிஐயின் முழு முகவரி. பிறகு கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, குரோம் அல்லது சஃபாரியின் ஆய்வுத் திரையில் செயலியின் எல்லாப் பக்கங்களையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிவப்பு வரியும் ஒரு கேள்வி: இது நம் செயலிக்கு உண்மையிலேயே தேவையா? தேவை என்றால் அந்த ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அதைக் கேட்கும் நிரலை நீக்க வேண்டும். செயலி எழுதச் சொல்லிப் பணம் கொடுப்பவர்களும் ஒரு கேள்வி கேட்கப் பழக வேண்டும்: "உங்கள் கொள்கையில் நட்சத்திரக் குறி இருக்கிறதா? இருந்தால், ஏன்?" பதில் சொல்ல முடியாதவரிடம் வாடிக்கையாளர்களின் விவரங்களை ஒப்படைக்கக் கூடாது.